இரண்டு மணி நேரக் கணக்கு

நாமக்கல் லாரிகள், திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள், சேலம், நாமக்கல் மாவட்டங்களை ஊடுருவிப் போகும் 44ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. இவை உள்ள சீமையில் முதுகுத்தண்டு அடிபட்டுப் படுக்கையில் விழுந்தவர்களுக்குக் குறைவில்லை. பக்கவாதக்காரர்களும் இடுப்பு எலும்பு முறிந்த முதியவர்களும் வேறு. வசதியில்லாதவர்கள் போய்ச் சேருவது சேலம் மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவமனை, அல்லது 2022இல் திறந்த நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி. அங்கே அவர்களுக்குப் படுக்கைப்புண் வராமல் காப்பது செவிலியரின் பொறுப்பு. கையில் தரப்பட்டுள்ள ஆயுதம் ஒரே விதி: இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வை.

விதி நல்ல விதிதான். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோல் நசுங்கிக்கொண்டே இருந்தால் அங்கே ரத்த ஓட்டம் நின்று சதை சாகும். வால் எலும்பு, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு மூன்றும் முதல் பலி. இடது, மல்லாக்க, வலது என்று மாற்றுவதற்கு மருந்தும் வேண்டாம், எந்திரமும் வேண்டாம். ஒரு ஷிஃப்ட் விட்ட இடத்தில் அடுத்த ஷிஃப்ட் தொடரலாம்.

ஆனால் கடிகாரத்தை மட்டும் நம்பினால் தோல் கண்ணில் படாது. பாடப் புத்தகம் சிவப்பைப் பார்க்கச் சொல்கிறது. நம் கறுத்த தோலில் சிவப்பு எளிதில் தெரிவதில்லை. தொட்டுப் பார்த்துச் சூட்டையும் இறுக்கத்தையும் உணர வேண்டும். அனுபவமுள்ள சிஸ்டரின் விரல் கண்டுபிடிப்பதை எந்தச் சார்ட்டும் கண்டுபிடிக்காது. அமெரிக்க, கனடா முதியோர் இல்லங்களில் நடந்து 2013இல் வெளியான ஓர் ஆய்வு, நல்ல ஃபோம் மெத்தையில் இரண்டு, மூன்று, நான்கு மணி நேர இடைவெளிகளுக்குள் பெரிய வித்தியாசம் இல்லை என்றது. நம் வார்டுகளின் ரெக்சின் மெத்தைக்கும் ரப்பர் ஷீட்டுக்கும் அந்தச் சலுகை பொருந்தாது. வியர்வையிலும் சிறுநீரிலும் ஊறிக் கிடப்பவருக்கு இரண்டு மணி நேரமே அதிகம். ஈரம், உணர்ச்சி, அசைவு, நடமாட்டம், உணவு, உராய்வு என்ற ஆறையும் எடைபோடும் பிரேடன் அளவுகோல் இதற்காகத்தான் இருக்கிறது. 23க்கு 18 அல்லது அதற்குக் கீழே என்றால் ஆபத்து. சேர்த்த அன்று போட்டுவிட்டு மறந்தால் அதுவும் வெறும் காகிதம்.

பழக்கதோஷங்களும் உண்டு. ஸ்பிரிட் தடவிப் பவுடர் போடுவது, சிவந்த இடத்தை அழுத்தித் தேய்ப்பது, கையுறையில் தண்ணீர் நிரப்பிக் குதிகாலுக்கு அடியில் வைப்பது. கடைசியானதைச் சிக்கனம் என்று பாராட்டக்கூடக் கேட்டிருக்கிறேன். ஸ்பிரிட் தோலை வறட்டும். தேய்ப்பது நைந்த சதையை மேலும் நைக்கும். கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைத்துக் குதிகாலை அந்தரத்தில் விட்டாலே போதும்.

உணவு இன்னொரு கூத்து. நாடெங்கும் முட்டை அனுப்பும் நாமக்கல்லில், முட்டை தின்றால் புண் சீழ் பிடிக்கும் என்று நோயாளிக்குக் கஞ்சியும் ரசம் சாதமும் மட்டும் ஊட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். புண் ஆற அதுதான் வேண்டும். டாக்டர் சொன்னால் தலையாட்டிவிட்டுப் போவார்கள். கூடவே நின்று பேசிப் பேசி மாற்ற செவிலியரால்தான் முடியும்.

படுக்கைப்புண்ணைப் பெரும்பாலும் செவிலியப் பணியின் தவறு என்றே 1859இல் எழுதினார் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல். நம் வார்டில் அது பாதி நியாயம்தான். போதனை மருத்துவமனையின் பொது வார்டில் 3 நோயாளிக்கு 1 செவிலியர் என்பது இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி. இரவில் ஒரு சிஸ்டர் முழு வார்டையும் பார்ப்பதோ அரசு மருத்துவமனைகளில் சர்வசாதாரணம். அசைய முடியாதவர் பத்துப் பேர், ஒருவருக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தாலும் ஒரு சுற்றுக்கு ஐம்பது நிமிடம். அதுவும் தூக்க இரண்டு பேர் வேண்டும். ஆகவே திருப்புவது கட்டிலுக்கு அடியில் பாய் விரித்துப் படுத்திருக்கும் மனைவியோ மகனோ. திருப்பியதாகச் சார்ட்டில் விழும் கையெழுத்து மட்டும் சிஸ்டருடையது.

இந்தப் பொய்யை ஒப்புக்கொண்டால் வழி பிறக்கும். யார் திருப்பினார், தோல் எப்படி இருந்தது என்று இரண்டு கட்டங்களைச் சார்ட்டில் சேர்க்கட்டும். முதல் நாளே உறவினரைச் செய்யவைத்துச் சொல்லிக்கொடுப்பதைச் செவிலியரின் கணக்கில் வரும் வேலையாக்கட்டும். வீடு திரும்பியவரை 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் ஊழியர் பார்க்கும்போது, வார்டுக் குறிப்பும் அவர் கையில் இருக்கட்டும். செவிலியரிடம் விளக்கம் கேட்கும் அதிகாரிகள், முதலில் காலிப் பணியிடங்களை நிரப்பிவிட்டுக் கேட்கட்டும்.