கம்பி பேச வேண்டும்

கேகாலையில் கிட்டார் இசைமாலை என்று செய்தி பரவியதும் எங்கள் ரப்பர் தோட்டங்களில் பலரும் கேட்டது ஒரே கேள்வியைத்தான்: "புளூஸ் என்றால் என்ன மாதிரிப் பாட்டு?" அன்று மேடையேறும் மூத்த கலைஞரைப் பற்றி இம்மலரில் வேறொருவர் எழுதுகிறார். அவர் கைக்கொண்ட மரபைப் பற்றி எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. மனமுவந்து எழுதுகிறேன். புளூஸ் தோட்டத்துப் பாட்டு.

அமெரிக்காவின் தெற்கே மிசிசிப்பி ஆற்றோர வண்டல் சமவெளியில் பருத்தித் தோட்டங்கள் இருந்தன. அடிமை முறை 1865இல் சட்டப்படி ஒழிந்த பிறகும் கறுப்பின மக்கள் அந்த மண்ணைவிட்டு அகல முடியவில்லை. துரையின் நிலத்தில் வாரத்துக்குப் பயிர் செய்தார்கள். விதையும் மாவும் தோட்டத்துக் கடையில் கடனுக்கு வந்தன. ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் கடன்தான் மிஞ்சும். துண்டு முறையைத் தாத்தா வாயால் கேட்டு வளர்ந்த நமக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. கங்காணியிடம் பட்ட கடனைத் துண்டில் எழுதி ஆளையே கட்டிவைத்த அந்த முறை இங்கே 1921இல்தான் ஒழிந்தது. அவர்கள் பட்ட அடிமைத்தனமும் நாம் பட்ட கூலி வாழ்வும் ஒன்றல்ல. விலைக்கு விற்கப்பட்ட மனிதரின் துயரத்தை நம் துயரத்தோடு சமமாக வைக்க நான் துணியமாட்டேன். என்றாலும் காட்டில் வேலை செய்துகொண்டே ஒருவர் குரல் எடுக்க, தூரத்தில் இருப்பவர் பதில் பாடும் வழக்கம் இரு பக்கமும் உண்டு. கொழுந்து மலையிலும் பால்வெட்டுக் காட்டிலும் தெம்மாங்கு கேட்டவர்களுக்கு அது புரியும்.

புளூஸின் கட்டமைப்பு எளிது. ஓர் அடியைப் பாடி, அதையே மீண்டும் பாடி, மூன்றாவது அடியில் பதிலைச் சொல்வார்கள். இதற்கு 12 தாள அளவுகள், மூன்றே சுரக்கூட்டுகள். கிட்டார் பெரும்பாலும் நிற்கும் ஐந்து சுரங்களை வரிசையாக வாசித்தால் நமது சுத்த தன்யாசி ராகத்தின் சுரங்கள் வந்துவிடும். வேறுபாடு சுரத்தைத் தொடும் விதத்தில்தான் இருக்கிறது. காந்தாரத்தையும் நிஷாதத்தையும் நேராகத் தொடாமல், கம்பியை விரலால் தள்ளி வளைத்து, இரண்டு சுரங்களுக்கு இடையில் அழவைப்பார்கள். கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

முதல் பள்ளி டெல்டா எனப்படும் அந்த வண்டல் சமவெளியுடையது. டொக்கரி என்ற பருத்தித் தோட்டத்தோடு சேர்த்துப் பேசப்படுபவர் சார்லி பட்டன். அவருக்குப் பின் சன் ஹவுஸ், ராபர்ட் ஜோன்சன். 1938இல் 27 வயதில் இறந்த ஜோன்சன் ஒலிப்பதிவாக விட்டுச்சென்றவை 29 பாடல்கள் மட்டுமே. இந்தப் பள்ளியில் பெரும்பாலும் பக்கவாத்தியம் கிடையாது. பெருவிரல் தாளத்தைக் காக்க, மற்ற விரல்கள் பாட்டுக்குப் பதில் சொல்லும். போத்தல் கழுத்தை விரலில் மாட்டிக் கம்பியில் வழுக்குவார்கள். கோட்டுவாத்தியம் கேட்டவர்களுக்கு அந்த நாதம் பிடிபடும். டெக்சாஸ் பள்ளி இதைவிட விசாலமானது. அதில் வந்த டி-போன் வாக்கர் மின்கிட்டாரில் ஒற்றைக் கம்பியைக் குழலிசைபோல் பாடவைத்தார். பின்னர் ஸ்டீவி ரே வோன் அதே வழியில் பெரும் புகழ் பெற்றார்.

மூன்றாவதான சிக்காகோ பள்ளியில்தான் சற்று நிற்க வேண்டும். ஸ்டோவல் தோட்டத்தில் உழவு இயந்திரம் ஓட்டிய ஒருவரைத் தேடி 1941இல் ஆலன் லோமாக்ஸ் என்ற நாட்டார் பாடல் சேகரிப்பாளர் வந்தார். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்துக்காக அவருடைய வீட்டிலேயே பாட்டைப் பதிவுசெய்து போட்டுக் காட்டினார். தன் குரலை முதன்முறையாக வெளியிலிருந்து கேட்ட அந்த மனிதருக்குத் தன் மேல் நம்பிக்கை பிறந்தது. 1943இல் தோட்டத்தை விட்டு சிக்காகோவுக்கு ரயிலேறினார். அவர்தான் மடி வோட்டர்ஸ். நகரத்து மதுச்சாலை இரைச்சலில் மரக்கிட்டார் எடுபடவில்லை. எனவே மின்கிட்டார், வாயார்மோனியம், டிரம்ஸ் எல்லாம் சேர்ந்து ஒரு குழு உருவாயிற்று. உலகமெங்கும் இன்று காணும் ரொக் இசைக்குழுவின் அச்சு அங்கே வார்க்கப்பட்டதுதான்.

அந்தப் பள்ளியின் மூத்தவர்களில் ஒருவர் படி கை. 1936இல் லூசியானாவில் வாரக்குடியானவரின் மகனாகப் பிறந்து, சிறுவயதில் பருத்தி பறித்தவர். இரண்டு கம்பி கட்டித் தானே செய்த கருவியில் கைபழகினார். 1957 செப்டெம்பரில் சிக்காகோவுக்கு வந்து பட்டினியாகக் கிடந்த நாளில், மடி வோட்டர்ஸ் உணவு கொடுத்து ஆதரித்ததை அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். மேடையில் அவர் எழுப்பிய முரட்டு ஒலியை அப்படியே பதிவுசெய்ய செஸ் என்ற இசைத்தட்டு நிறுவனம் அப்போது விரும்பவில்லை. பகலில் பழுதான வாகனங்களை இழுக்கும் லொறி ஓட்டி, இரவில் வாசித்தார். இலண்டனிலிருந்த எரிக் கிளப்டன் போன்ற இளைஞர்கள் அவர் வழியைப் பின்பற்றிப் புகழடைந்த பின்னரே உலகம் அவரைத் திரும்பிப் பார்த்தது. 1991இல் வந்த இசைத்தட்டால் பெரும் பெயர் பெற்றபோது அவருக்கு வயது 55. அதற்கு முன்பே, 1989இல், சிக்காகோவில் சொந்தமாக ஓர் இசையரங்கு திறந்திருந்தார். ஆண்டுதோறும் ஜனவரியில் அங்கே தொடர்ந்து வாசிப்பதைப் பல்லாண்டு வழக்கமாக வைத்திருந்தார். 2011இல் மும்பாய் மெஹ்பூப் ஸ்டூடியோவில் நடந்த முதலாவது மஹிந்திரா புளூஸ் விழாவுக்கும் வந்தார்.

அவரிடம் நான் கற்றது ஒலியின் ஏற்ற இறக்கம். அரங்கமே அதிர வாசித்துக்கொண்டிருப்பவர் திடீரென்று ஒலியைக் கிசுகிசுப்பாக இறக்கிவிடுவார். ஒரு சுரம், ஒரு மௌனம், மீண்டும் ஒரு சுரம். அப்போது கேட்பவர் மூச்சையும் அடக்கிக்கொள்வார்.

இன்னொரு புளூஸ் கலைஞரான பி.பி. கிங்கின் அளவுகோல் வேறு. பாடும்போது வாசிக்கமாட்டார், வாசிக்கும்போது பாடமாட்டார். குரல் நின்ற இடத்தில் அவருடைய லூசில் என்ற கிட்டார் தொடரும். இடக்கை விரல் கம்பியில் நடுங்கும் அந்த ஒரு சுரத்தைக் கேட்டே ஆளைச் சொல்லிவிடலாம். நான்காவதான இலண்டன் பள்ளி இந்தப் பாணிகளை வாங்கி ஒலியைப் பெருக்கி, தனிவாசிப்பை நீட்டி, புளூஸ் ரொக் என்ற வடிவத்தைத் தந்தது. பீட்டர் கிரீன் போன்றவர்களிடம் அது நிதானத்தோடு இருந்தது. பின்னால் வந்த பலரிடம் வேகமே பெருமையாகிவிட்டது. என் தீர்ப்பு இது: வேகம் விரலுக்குப் பயிற்சி, அவ்வளவுதான். ஒரு சுரத்தை வளைத்து அது சரியான இடத்துக்குப் போய்ச் சேரும்வரை காத்திருக்கத் தெரியாதவர் எத்தனை சுரம் கொட்டினாலும் புளூஸ் வாசித்தவராகார். நம் தப்புக் கலைஞர்கள் நெருப்பில் தோலைக் காய்ச்சித் தட்டிப் பார்த்து, ஒலி கூடிவரும்வரை பொறுத்திருப்பார்கள். அந்தப் பொறுமைதான் இங்கேயும் வேண்டும்.

நம் நாட்டிலும் கிட்டாருக்குத் தனிப் பாதை உண்டு. போர்த்துக்கேயர் வழிவந்த பைலாவில் அது தாளம் பிடித்தது. ஹப்புத்தளையில் பிறந்த கிளரன்ஸ் விஜேவர்தன (1943–1996), 1960களில் மூன்ஸ்டோன்ஸ் குழுவோடு மின்கிட்டாரைச் சிங்களப் பாட்டின் நடுவில் கொண்டுவந்து வைத்தார். தமிழில் நித்தி கனகரத்தினமும் ஏ.ஈ. மனோகரனும் பொப் பாட்டு வளர்த்தார்கள். வடகிழக்கு இந்தியாவில் ஷில்லொங்கின் ரூடி வாலாங் 2003இல் தொடங்கிய சோல்மேட் குழு நேரடியாகப் புளூஸையே தன் பாட்டாக ஏற்றது. மலையூர்க்காரர் ஒருவர் மிசிசிப்பிப் பாட்டைத் தன்னுடையதாக்க முடியும் என்பதற்கு அவரே சாட்சி. நம் தெம்மாங்கை எடுத்துப் புளூஸ் கிட்டாரில் பதில் சொல்லவைக்கும் பிள்ளை நம்மிடமிருந்து வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

அதற்கு முதலில் பாட்டு கையில் இருக்க வேண்டும். சி.வி. வேலுப்பிள்ளை மலைநாட்டு மக்கள் பாடல்களைத் திரட்டினார், அவை நூலாக வந்தன. சொற்கள் அப்படித்தான் தப்பின. ராகமும் இழுப்பும் பெருமூச்சும் காகிதத்தில் ஏறா. எட்டியாந்தோட்டைப் பக்கமும் தெரணியகலைப் பக்கமும் லயங்களில் தாலாட்டும் ஒப்பாரியும் காமன் பாட்டும் அறிந்த பாட்டிமார் இன்னும் இருக்கிறார்கள். லோமாக்ஸ் பெரும் கருவிகளைக் காரில் ஏற்றிப் போய்ச் செய்த வேலைக்கு இன்று உங்கள் சட்டைப் பையிலுள்ள போன் போதும். இசைமாலைக்கு வரும் இளைஞர்களைக் கேட்டுக்கொள்கிறேன்: வருவதற்கு முன் உங்கள் லயத்தில் ஒரு முதியவரிடம் அனுமதி கேட்டு, ஒரே ஒரு பாட்டைப் பதிவுசெய்யுங்கள். பாடியவர் பெயர், தோட்டம், திகதி மூன்றையும் சொல்லிவிட்டுப் பதிவைத் தொடங்குங்கள். முடிந்ததும் அதை அவருக்கே போட்டுக் காட்டுங்கள்.