குற்றால மலையும் தாவரப் பகுப்பு முறைகளும்

தாவரங்களை இனம் பிரித்த முறைகளின் வரலாறு பெரும்பாலும் உப்சாலா, பாரிஸ், கியூ முதலிய ஐரோப்பிய மையங்களைச் சுற்றியே எழுதப்படுகிறது. அம்மையங்களில் உருவான கோட்பாடுகள் மழைக்காட்டின் பெருக்கத்தை எதிர்கொண்டபோது எங்கே தடுமாறின, எவ்வாறு திருத்தம் பெற்றன என்பதை அறிவதற்குத் தென்காசிக்கு மேற்கே எழும் குற்றால மலை தக்க களமாகும். இலக்கண ஆசிரியர் வகுத்த பாகுபாடும், மருத்துவர் வகுத்த தொகுதியும், கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர்கள் கொண்டுவந்த அட்டவணையும் அங்கே ஒரே செடிகொடிகளின்மீது அடுத்தடுத்துப் பொருத்திப் பார்க்கப்பட்டன.

தமிழில் கிடைக்கும் மிகப் பழைய பாகுபாடு தொல்காப்பியத்தின் மரபியலில் உள்ளது. ஓரறிவுயிராகக் கொள்ளப்பட்ட தாவரங்களுள், வயிரம் புறத்தே அமைந்தவற்றைப் புல் என்றும், அகத்தே அமைந்தவற்றை மரம் என்றும் அந்நூல் பிரிக்கிறது. வயிரம் அல்லது காழ் என்பது தண்டின் முற்றிய கடினப் பகுதியாகும். இதன்படி பனை, தென்னை, கமுகு, மூங்கில் ஆகியவை எவ்வளவு உயர்ந்து வளர்ந்தாலும் புல்லினமே. ஒருவித்திலைத் தாவரம், இருவித்திலைத் தாவரம் என்று ஜான் ரே 1682-இல் முன்வைத்த பிரிவை இது முந்திக்கொண்டதாகப் பெருமிதத்தோடு கூறப்படுவதுண்டு. பனையையும் தென்னையையும் பொறுத்தவரை அக்கூற்றில் உண்மை இருப்பினும், புறத்திலும் அகத்திலும் வயிரம் இல்லாத வாழையும் இஞ்சியும் துளசியும் இவ்வளவுகோலுக்குள் அடங்குவதில்லை. விதைக்குள் இருக்கும் இலைகளின் எண்ணிக்கையோ அவற்றையும் அளக்க வல்லது. மரபியலின் நோக்கமும் வேறு. ஓலை, மடல், ஈர்க்கு, பாளை போன்ற உறுப்புப் பெயர்கள் எவற்றுக்கு வழங்கும், இலை, தளிர், அரும்பு போன்றவை எவற்றுக்கு வழங்கும் என்ற சொல்மரபை வரையறுப்பதே அதன் பணி. அப்பணிக்கு உறுப்பமைப்பைக் கூர்ந்து நோக்கியதே தொல்காப்பியரின் சிறப்பு. அவரைத் தாவரவியலாராக்க வேண்டிய தேவை இல்லை.

குறிஞ்சி முதலான திணைப்பெயர்கள் வாழிடத்தையும், கோட்டுப்பூ, கொடிப்பூ, நீர்ப்பூ, நிலப்பூ என்னும் நால்வகைப் பாகுபாடு பூக்கும் இடத்தையும் அடிப்படையாகக் கொண்டவை. சித்த மருத்துவம் சுவையையும் குணத்தையும் அடிப்படையாகக் கொண்டது. சித்தர் தேரையரோடு மரபு இணைத்துப் பேசும் தோரணமலை தென்காசிக்கும் கடையத்துக்கும் இடையில் இருப்பதால், இம்முறை இப்பகுதிக்கு நெருக்கமானது. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்த திரிகடுகத்தில் மிளகும் திப்பிலியும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை, சுக்கு அவற்றுக்குத் தொலைவான ஒருவித்திலைத் தாவரம். திரிபலையிலோ கடுக்காயும் தான்றியும் ஒரே பேரினம், நெல்லி வேறு குடும்பம். கார்ப்பையும் துவர்ப்பையும் பின்பற்றிச் சென்ற மருத்துவர் பாதி வழி உறவினங்களையே சேர்த்திருக்கிறார் என்பதும், மீதிப் பாதியில் உறவைப் பொருட்படுத்தவில்லை என்பதும் கவனிக்கத்தக்கவை.

ஐரோப்பிய முறை தமிழகத்துக்கு வந்த வழி தரங்கம்பாடி. லின்னேயஸின் மாணவரான யோஹான் கெர்ஹார்ட் கேனிக் 1768-இல் அங்கிருந்த டேனிஷ் மிஷனுக்கு மருத்துவராக வந்து சேர்ந்தார்; கறிவேப்பிலையின் அறிவியல் பெயர் இன்றும் அவரை நினைவூட்டுகிறது. லின்னேயஸின் முறை மலர்களின் மகரந்தத்தாள்களை முதன்மையாகக் கொண்டு தாவரங்களை 24 வகுப்புகளாகப் பிரித்தது. எண்ணத் தெரிந்த எவரும் கையாளக்கூடிய எளிமையே அதன் வெற்றிக்குக் காரணம். வில்லியம் ராக்ஸ்பர்க்கின் ‘ஃப்ளோரா இண்டிகா’ அந்த வரிசையிலேயே எழுதப்பட்டது.

கிழக்கிந்தியக் கம்பெனி 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையொட்டிக் குற்றாலத்தில் வளர்த்த நறுமணப் பயிர்த் தோட்டங்களைக் கொண்டே இம்முறையின் குறையை விளக்கலாம். அங்கே நடப்பட்ட இலவங்கம் ஒன்பது மகரந்தத்தாள்களுக்கான வகுப்பிலும், கிராம்பு பல மகரந்தத்தாள்களுக்கான வகுப்பிலும், ஆண் மரமும் பெண் மரமும் தனித்தனியான சாதிக்காய் வேறொரு வகுப்பிலும் விழுந்தன. மலையிலேயே இயல்பாகப் படரும் மிளகு இரண்டு மகரந்தத்தாள்களுக்கான வகுப்பில் வைக்கப்பட்டது. குற்றாலநாதர் கோயிலின் தலமரமான பலா, ஆண் பூவும் பெண் பூவும் ஒரே மரத்தில் தனித்தனியே தோன்றும் காரணத்தால் மக்காச்சோளம், பூசணி, ஆமணக்கு ஆகியவற்றோடு ஒரே வகுப்பில் சேர்ந்தது. இது பெயர் தேட உதவும் அகராதி வரிசையே அன்றி, உறவு காட்டும் வரிசை அன்று. மேலும், லின்னேயஸ் பனையினங்களைத் தம் 1753-ஆம் ஆண்டு நூலின் வகுப்புகளுக்குள் வைக்காமல் பின்னிணைப்பாகவே சேர்க்க நேர்ந்தது.

ஒரே உறுப்பை எண்ணாமல் பல உறுப்புகளின் ஒற்றுமையைச் சேர்த்து நோக்கும் இயற்கை முறையைத் தென்னிந்தியாவில் நிலைநாட்டியவர் ராபர்ட் வைட். கம்பெனி அறுவை மருத்துவரான அவர், வாக்கர் ஆர்னட்டோடு சேர்ந்து 1834-இல் வெளியிட்ட தீபகற்ப இந்தியத் தாவர நூலை டி கண்டோலின் இயற்கை முறைப்படி அமைத்தார். அது முதல் தொகுதியோடு நின்றுபோயிற்று. பின்னர் பாளையங்கோட்டையில் பணியாற்றிய காலத்தில் குற்றால மலையில் விரிவாகச் சேகரித்தார். 1838 முதல் 1853 வரை வெளிவந்த அவருடைய ‘ஐகோன்ஸ்’ நூலின் 2,101 படங்களுக்கு ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர்களின் உழைப்பே அடித்தளம். இயற்கை முறைக்கு மலரின் குறுக்குவெட்டும் சூலகத்தின் உள்ளமைப்பும் தேவைப்பட்டமையால், ஓவியரின் கண் இம்முறையில் அழகுக்கு மட்டுமன்றிச் சான்றுக்கும் உரியதாயிற்று. வைட்டின் பெயருக்குக் கிடைத்த புகழில் சிறு பங்கும் அவ்விருவருக்கும் நெடுங்காலம் கிடைக்கவில்லை.

பெந்தாம், ஹூக்கர் இருவரும் 1862 முதல் 1883 வரை வெளியிட்ட முறை, இருவித்திலைத் தாவரங்களை அல்லி இதழ்கள் பிரிந்தவை, இணைந்தவை, புல்லி அல்லி என்ற வேறுபாடில்லாமல் ஒரே பூவிதழ் வட்டம் கொண்டவை என மூன்றாகப் பிரித்தது. கிராம்பு நாவல், கொய்யா ஆகியவற்றோடு முதற்பிரிவில் தன் உறவினரைச் சேர்ந்தது. மிளகும் சாதிக்காயும் இலவங்கமும் பலாவும் மூன்றாம் பிரிவில் வைக்கப்பட்டன. இப்பிரிவு வேறெங்கும் இடம் கிடைக்காதவற்றின் புகலிடமாக இருந்தது என்பதே உண்மை.

மரபணு வரிசைகளை ஒப்பிட்டு உறவை வரையறுக்கும் பூக்கும் தாவர இனவழிக் குழுவின் முறை 1998-இல் வெளியாகி, 2016 வரை மூன்று முறை திருத்தப்பட்டது. அதில் மூன்றாம் பிரிவு கலைந்துபோய், பலா அத்தி, ஆல் ஆகியவற்றின் குடும்பத்தோடு ரோஜா வரிசைக்குச் சென்றது. மிளகு, சாதிக்காய், இலவங்கம் மூன்றும் ஒருவித்திலையும் அல்லாத, உண்மை இருவித்திலையும் அல்லாத மக்னோலியா கிளையில் ஒன்றாகச் சேர்ந்தன. ரே காலத்திலிருந்து அசையாததாகக் கருதப்பட்ட இரட்டைப் பிரிவு இவ்வாறு உடைந்தபோதும், அதன் ஒரு பாதியான ஒருவித்திலைத் தாவரங்கள் குலையாமல் நின்றன. பனையும் மூங்கிலும் இன்றும் அக்குழுவிலேயே உள்ளன.

களத்தில் பழைய முறை ஓய்வு பெறவில்லை. 1915 முதல் 1936 வரை கேம்பிளும் அவருக்குப் பின் ஃபிஷரும் எழுதிய சென்னை மாகாணத் தாவர நூல், குற்றாலத்தின் பெயரையே தாங்கிய அரிய நாவலினம் ஒன்றை யூஜீனியா பேரினத்தில் வைத்திருக்கிறது. அவ்வினம் பின்னர் சைஜீஜியத்துக்கு மாற்றப்பட்டது. அந்நூலைக் கையில் கொண்டு மலையேறும் மாணவர், செடியை முதலில் பெந்தாம்–ஹூக்கர் வரிசையில் இனங்கண்ட பின்னரே அதன் இன்றைய குடும்பத்தைத் தேடிச் செல்கிறார்.