தாத்தா நார்மண்டியில் இறங்கினாரா?

அமெரிக்கக் குடும்பங்கள் எழுதும் 'எங்க தாத்தாவின் போர்' வகைப் புத்தகங்களில் அடிக்கடி பார்க்கும் வரி: ஆவணமெல்லாம் 1973 தீயில் போயிடுச்சு. தீ உண்மைதான். செயின்ட் லூயிஸ் அருகே, ராணுவப் பணிக்கோப்புகள் இருந்த கட்டடத்தில் ஜூலை 12 அன்று பிடித்தது. 1.6 முதல் 1.8 கோடி கோப்புகள் காலி, அத்தனையும் தரைப்படை, விமானப்படை ஆட்களுடையவை. நகலும் இல்லை, மைக்ரோஃபிலிமும் இல்லை. (பேக்கப் இல்லாத சர்வர்னு வச்சுக்குங்க.)

எனக்கு உறுத்துவது அதற்கு அடுத்த அத்தியாயம். கோப்பு இல்லாத இடத்தில் படைப்பிரிவின் வரலாற்றைத் தூக்கி வைத்துவிடுகிறார்கள். பிரிவு 1944 ஜூன் 6-ல் நார்மண்டியில் இறங்கியது, அதனால் தாத்தாவும் இறங்கினார்! செத்தவர்கள், காயம்பட்டவர்கள் இடத்துக்குப் புது ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். இவர் செப்டம்பரில் வந்தவராகவும் இருக்கலாமே?

சரிபார்க்க வழி இருக்கு. ஒவ்வொரு கம்பெனியும் தினமும் எழுதிய 'மார்னிங் ரிப்போர்ட்' தப்பிவிட்டது. யார் எந்தத் தேதியில் சேர்ந்தார், அடிபட்டார், மாற்றலானார் என்பதெல்லாம் அதில் உண்டு. ஆனா அது மாற்றங்களை மட்டும் பதியும் லாக். காயமில்லாமல், ஓடிப்போகாமல், தினமும் கடமையில் நின்ற சிப்பாய்க்குச் சேர்ந்த அன்று ஒரு வரி, போன அன்று ஒரு வரி. நடுவில் மாதக்கணக்கில் ஒன்றுமே இருக்காது. அந்த வெற்றிடத்தை அப்படியே விட்டு அச்சிடும் புத்தகம் வந்தால் முதல் ஆளாய் வாங்குவேன்.