சம்பந்தியாகாத சமத்துவம்

2024 ஜனவரி 18 அன்று கர்நாடக அமைச்சரவை, லிங்காயத் மரபின் முன்னோடியான பசவண்ணரை மாநிலத்தின் பண்பாட்டுத் தலைவராக அறிவித்தது. அடுத்த மாதமே அரசு அலுவலகங்களில் அவர் படம் ஏறியது. விதான சவுதா வளாகத்தில் அவரது சிலை 2023 மார்ச்சிலேயே வந்துவிட்டது. படமும் சிலையும் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தால் சமத்துவம் தானாக மனத்தில் ஊறும் என்று பெங்களூரில் படித்தவர்களே வாதிடுகிறார்கள். அதை என்னால் ஏற்க முடியவில்லை.

பசவண்ணரின் பெருமையில் ஐயமில்லை. படகோட்டி அம்பிகர சௌடய்யாவும் சலவைத் தொழிலாளி மடிவாள மாச்சய்யாவும் அக்கமகாதேவியும் கன்னடத்தில் 'வசனம்' என்னும் பக்திப் பாக்களைச் சொல்ல வழிவிட்ட இயக்கம் அவருடையது. தும்கூர் சித்தகங்கா மடத்தில் எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சாப்பிட்டுப் படிப்பதும் அந்த மரபின் கொடைதான்.

ஆனால் செருப்புத் தைத்த ஹரளய்யாவை மேடைகள் எப்படி நினைவுகூர்கின்றன? அவர் 'சரணு' என்று வணங்க, பசவண்ணர் 'சரணு சரணார்த்தி' என்று ஒருபடி கூடுதலாக வணங்கினாராம். அந்தக் கடனைத் தீர்க்க, தம் தொடைத்தோலையும் மனைவியின் தொடைத்தோலையும் உரித்துச் செருப்புத் தைத்துக் கொடுத்தார் ஹரளய்யா. கேட்பவர் கண் கலங்கும். அதே ஹரளய்யாவின் மகனுக்குத்தான் பிராமணரான மதுவரசர் தம் மகளைக் கொடுத்தார் என்கிறது மரபு. அதற்காகவே இரு தந்தையருக்கும் மரண தண்டனை விதித்தான், கல்யாண நகரை ஆண்ட மன்னன் பிஜ்ஜளன். அந்த நகரமே கலவரத்தில் சிதறியது. பக்தர் ஹரளய்யாவைப் பொறுத்துக்கொண்ட ஊர், சம்பந்தி ஹரளய்யாவைப் பொறுக்கவில்லை.

இன்றும் அங்கேயேதான் நிற்கிறோம். லிங்காயத் வரன் விளம்பரங்களைப் பாருங்கள்: பஞ்சமசாலியா, பணஜிகவா, சாதரா, ஜங்கமரா என்று உட்பிரிவு முதலில் வந்துவிடுகிறது. சாதி கேட்காதே என்ற பசவண்ணரின் வழிவந்த குடும்பங்களிலேயே இந்த நிலை. 2025 டிசம்பரில் தார்வாட் மாவட்டத்தில், தலித் இளைஞரை மணந்த லிங்காயத் குடும்பத்துப் பெண் கர்ப்பிணியாக இருந்தபோதே கொல்லப்பட்டார். பெற்ற தந்தையே கைதானார். பூசையிலும் பந்தியிலும் சமத்துவத்தை ஒப்புக்கொள்ளும் மதம், பெண் கொடுக்கும் இடத்தில் சாதிக்கு வழிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் வள்ளுவர் சிலைக்கு மாலை போடும் நம் தமிழ்க் குடும்பங்களும் இதற்கு விலக்கல்ல.

2018இல் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம், சாதி கடந்து மணப்போரைக் காக்க மாவட்டந்தோறும் சிறப்புப் பிரிவு அமைக்கச் சொன்னது. பாதுகாப்பு இல்லங்களையும் பரிந்துரைத்தது. படம் மாட்டிய வேகத்தை அரசு இதில் காட்டட்டும். சில மடங்கள் சாதிமறுப்புத் திருமணங்களை நடத்தியதுண்டு. மற்ற மடாதிபதிகளும் தலித் வீட்டுக்கும் பஞ்சமசாலி வீட்டுக்கும் நடக்கும் திருமணத்தைத் தாங்களே முன்நின்று நடத்தட்டும்.