ஒரு படி பின்னால்

திருவனந்தபுரத்தின் கரமனையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் பக்கத்து வீட்டு எட்டாம் வகுப்புப் பெண்ணின் ஆங்கில நோட்டு திறந்து கிடந்தது. ‘ஐ தாட் ஹி வில் கம்’ என்று எழுதியிருந்தாள். ‘வில்’லைச் சிவப்பு மையால் அடித்து, மேலே ‘வுட்’ என்று திருத்தியிருந்தது. ஏன் என்று கேட்டேன். “முதல் வினை பாஸ்ட்னா அடுத்ததை ஒரு படி பின்னால தள்ளணும் மாமா” என்றாள். அதற்கு மேல் அவளுக்குச் சொல்லித் தரப்படவில்லை.

காலத்தை இப்படிப் பின்னால் தள்ளும் பயிற்சிக்காக ஓய்வுபெற்ற ஆசிரிய நண்பர் ஒருவர் அண்மையில் வாதாடினார். விதி இருந்தால்தான் பிள்ளை கரையேறும் என்பது அவர் கட்சி. உண்மைதான். ரென்-மார்ட்டின் இலக்கணத்தைக் கையில் வைத்துக்கொண்டு தலைமுறைகள் தேர்வில் தேறியிருக்கின்றன. நீண்ட கதையைக் காலம் குழம்பாமல் சொல்லவும் விதி உதவுகிறது. விலக்குகளையும் அந்த நூல் சொல்லத்தான் செய்கிறது. அவற்றைத் தாண்டி நேரே பயிற்சிக்கு ஓடுவது வகுப்பறைதான்.

என் மறுப்பு வேறு. மேற்கோள் குறிக்குள் ஒரு வாக்கியத்தைக் கொடுத்து ‘மாற்றி எழுதுக’ என்கிறோம். பேச்சுக்காவது அப்படி ஒரு மூலம் உண்டு. நினைப்புக்கு ஏது? அதை அசைபோடுகிறவர்தான் அதற்குச் சொல் கொடுக்கிறார். மார் இவானியோஸ் கல்லூரியில் ஆங்கிலம் கற்பித்துக்கொண்டே தமிழில் ‘நினைவுப் பாதை’ நாவலை எழுதிய நகுலனின் ஊரில் இதை விளக்க வேண்டியிருப்பது எனக்கு வருத்தம்.

தமிழில் ‘வருவான் என்று நினைத்தேன்’ என்கிறோம். நினைப்பு அதன் நாளிலேயே நிற்கிறது; ‘வருவான்’ அசைவதில்லை. மலையாளத்திலும் ‘வருமென்னு விசாரிச்சு’தான் (அங்கே விசாரிப்பது என்றால் நினைப்பது). அந்தப் பெண் எழுதிய ‘வில்’ கவனக்குறைவு அல்ல; இரண்டு மொழிகள் அவளுக்குக் கற்றுக்கொடுத்த ஒழுங்கு. ரஷ்ய மொழியும் இப்படித்தான் செய்கிறது. ஆங்கிலமோ நினைப்பவன் நின்ற இடத்தை விட்டு, சொல்பவன் இன்று நிற்கும் இடத்திலிருந்து அளக்கிறது. இந்த ஒரு வரியைச் சொல்லாமல் சிவப்பு மையைக் கையில் எடுப்பது அநியாயம்.

அளக்கும் இடம் சொல்பவனுடையது என்பதால் தேர்வும் அவனுடையது. பேட்டையில் குடியிருப்பதாக ஒருவர் நேற்று சொன்னார். அதை நான் ‘லிவ்ஸ்’ என்று சொன்னால், இன்றும் அங்கேதான் இருக்கிறார் என்று நானும் ஏற்கிறேன். ‘லிவ்ட்’ என்றால் பொறுப்பை அவரிடமே விட்டுவிடுகிறேன். தம்பானூர் ரயில் நிலையத்தில் நண்பனைக் கண்டு ‘ஐ தாட் யூ வேர் இன் நாகர்கோவில்’ என்கிறேன். அந்த ‘வேர்’, அவன் அங்கே இல்லை என்பதை இப்போது நான் அறிந்ததையும் சேர்த்துச் சொல்கிறது. ‘பூமி சூரியனைச் சுற்றுகிறது’ போன்ற நிலையான உண்மைக்கு மட்டும் நிகழ்காலம் என்று வகுப்பில் விலக்குச் சொல்கிறார்கள். சூரியன் பூமியைச் சுற்றுவதாக நம்பியவர்களைப் பற்றி எழுதும்போது இறந்தகாலம் ஏன் இயல்பாக வருகிறது? அந்த நம்பிக்கைக்கு நாம் பொறுப்பேற்காததால். இதை வானியல் தீர்மானிப்பதில்லை, சொல்பவன் தீர்மானிக்கிறான்.

இந்தப் பொறுப்புக் கணக்கு நம் பிள்ளைகளுக்குப் புதிதும் அல்ல. ‘அவன் வந்தது தெரியும்’ என்றால் வந்துவிட்டான். ‘அவன் வந்ததாக நினைத்தேன்’ என்றால் வந்தானோ இல்லையோ, நான் உறுதி சொல்லவில்லை. ‘திருடியதாகக் கூறப்படுகிறது’ என்று நாளிதழ் எழுதுவதும் அந்த ‘ஆக’வை நம்பித்தான். ஆங்கிலம் பல இடங்களில் காலத்தைக் கொண்டு செய்வதைத் தமிழ் இந்த ஒட்டைக் கொண்டு செய்கிறது. ஆறு வயதிலேயே இந்த நுட்பத்தைப் பேசத் தெரிந்த பிள்ளையை எதுவும் தெரியாதவளாக நடத்துகிறது நம் பாடமுறை. ஆங்கில வகுப்பில் தாய்மொழி நுழையக் கூடாது என்ற பிடிவாதத்தின் விளைவு இது. பயிற்சித் தாளில் ‘வுட்’ எழுதுகிறவர்கள் வாய் திறந்தால் ‘வில்’ என்கிறார்கள். பட்டம் பெற்ற பிறகும் அப்படியே.

‘மாற்றி எழுதுக’ என்ற கேள்வியை வினாத்தாளிலிருந்து எடுத்துவிட வேண்டும். யார் நினைத்தார், இப்போது யார் சொல்கிறார், சொல்பவருக்கு இன்று என்ன தெரியும் என்று ஒரு சூழலைக் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். ஜூனில் பள்ளி திறக்கும்போது, ஆசிரியர்களே, அந்தப் பாடத்தை ‘என்று’ என்ற சொல்லிலிருந்து தொடங்குங்கள்.