உடன்படிக்கையின் இரத்தம்: பசுமலைச் சூழலில் ஒரு சொல்நோக்கு

1834இல் தொடங்கப்பெற்ற அமெரிக்க மதுரை மிஷன், தன் இறையியல் கல்வியைப் பசுமலையில் நிலைபெறச் செய்தது. அங்குப் பயின்ற போதகர்கள் மறையுரை ஆற்றிய சுற்றுவட்டாரம், கருப்பசாமிக்குக் கிடாய் வெட்டி நேர்த்திக்கடன் தீர்க்கும் மரபுடையது. அம்மரபில் இரத்தம் மனிதர் தெய்வத்துக்குச் செலுத்தும் கடன். விவிலியத்தின் உடன்படிக்கை இரத்தமும் அவ்வாறே பொருள்படுமா என்பது ஆய்வுக்குரியது.

'உடன்படு' என்பதன் அடியாகப் பிறந்த 'உடன்படிக்கை' இருதரப்பு இசைவைச் சுட்டுகிறது. யாத்திராகமம் 24இல் மக்கள் கீழ்ப்படிவதாக வாக்களித்த பின்னரே மோசே இரத்தத்தைப் பலிபீடத்தின்மீதும் அவர்கள்மீதும் தெளிக்கிறார். இங்கு அச்சொல் பொருந்துகிறது. ஆதியாகமம் 15இல் அது முழுமையாகப் பொருந்தவில்லை. பிளக்கப்பட்ட விலங்குகளின் நடுவே ஆபிராம் நடப்பதில்லை. புகையும் சூளையும் தீயுமே கடக்கின்றன. கடவுளே தம்மைப் பிணைத்துக்கொள்கிறார். எபிரேய வழக்கில் உடன்படிக்கை 'வெட்டப்படுகிறது', தமிழில் 'பண்ணப்படுகிறது'. வெட்டுதலின் குறிப்பு தமிழில் மறைந்துவிடுகிறது.

எபிரெயர் 9இல் 'தியாத்தேக்கே' என்னும் ஒரே கிரேக்கச் சொல், பழைய மொழிபெயர்ப்பில் 'உடன்படிக்கை' எனவும் 'மரணசாசனம்' எனவும் அமைகிறது. இதனைச் சீரின்மை எனக் குறைகூறல் எளிது. எனினும் சாசனத்தை எழுதுபவர் ஒருவரே. பெறுபவர் விலை தருவதில்லை. ஆகவே முதற்சொல் மறைத்த ஒருதலைக் கொடையை இரண்டாவது சொல் மீட்டுத்தருகிறது.

நேர்த்திக்கடனில் மனிதரிடமிருந்து தெய்வத்தை நோக்கிச் செல்லும் இரத்தம், இங்குத் திசை மாறுகிறது. இம்மாற்றத்தைக் காட்டாது இரத்தத்தைக் கடன்தீர்ப்பாக மட்டும் விளக்கும் மறையுரை, உவமையைப் பெற்றுப் பொருளை இழக்கிறது.