முகவரியும் காட்சியும்: ஒருபக்கச் செயலிகள் பற்றி ஒரு திறனாய்வு

சென்ற பருவத்தில் வெப்ப இயக்கவியல் கணக்கு ஒன்றை மாணவர்களுக்குக் காட்ட விரும்பினேன். ஒரு பாட வலைத்தளத்தில், ஐந்தாம் அத்தியாயத்தில் அது மூன்றாம் கணக்கு. பக்கத்தின் முகவரியைப் படியெடுத்து வகுப்பினர் அனைவருக்கும் அனுப்பினேன். மறுநாள் ஒருவரும் கணக்கைப் பார்த்திருக்கவில்லை. எல்லோருடைய கைப்பேசியிலும் திறந்தது தளத்தின் முகப்பே! குற்றம் மாணவர்களுடையதன்று; அத்தளத்தை அமைத்த முறையினுடையது. அம்முறையைச் சற்று ஆராய்வோம்.

வலையின் பழைய ஏற்பாடு எளியது. இணைப்பைச் சொடுக்கினால் உலாவி ஒரு முகவரியைச் சர்வருக்கு அனுப்பும். சர்வர் முழுப் பக்கத்தைத் திருப்பி அனுப்பும். ஒருபக்கச் செயலியிலோ பக்கம் ஒரு முறைதான் வருகிறது. பின்னர் ஜாவாஸ்கிரிப்ட் நிரலே திரையின் பகுதிகளை மாற்றுகிறது. இதனால் விரைவு கிடைக்கிறது. ஆனால், திரைக்கேற்ப முகவரியையும் மாற்றும் பொறுப்பு நிரல் எழுதுவோர்மீது விழுகிறது. இப்பணியைச் செய்யும் பகுதிக்கு ரூட்டர் என்று பெயர். எம்முகவரிக்கு எக்காட்சி என்னும் அட்டவணை அதனிடம் உண்டு.

இங்கு நாம் படித்த இயற்பியலை நினைவுகூர்க. ஒரு வாயுவின் அக ஆற்றல் அதன் நிலையை மட்டுமே பொறுத்தது. அந்நிலையை எவ்வழியாக அடைந்தது என்பதைப் பொறுத்ததன்று. திரையும் அவ்வாறே இருத்தல் வேண்டும். முகவரி அறிந்தால் காட்சி அறியப்பட வேண்டும். எந்தெந்தப் பொத்தானை அழுத்தி அங்கு வந்தோம் என்பது பொருட்டாகக் கூடாது. இதுவே நம் உரைகல்.

'நூல்/12/அத்தியாயம்/5/கணக்கு/3' என்பது ஒரு முகவரி எனக் கொள்வோம். நூலின் பொருளடக்கம் வெளிச்சட்டம், அதனுள் அத்தியாயம், அதனுள் கணக்கு. பெட்டிக்குள் பெட்டி போன்ற இவ்வமைப்பையே உள்ளடுக்குக் காட்சி என்கிறோம். 3 என்பதை 4 ஆக்கினால் உள்பெட்டி மட்டும் மாறும்; பொருளடக்கம் நின்ற இடத்திலேயே நிற்கும்.

நடைமுறையில் நிகழ்ந்தது என்ன? தொடக்கத்தில் பலர் '#' குறிக்குப் பின்னால் முகவரியின் உட்பகுதியை எழுதினர். அக்குறிக்குப் பின் உள்ளதை உலாவி சர்வருக்கு அனுப்புவதேயில்லை. ஆகவே ஜாவாஸ்கிரிப்ட் ஓடினால்தான் பக்கம் தெரியும். 2011 பிப்ரவரியில் கௌக்கர் நிறுவனத்தின் தளங்கள் இம்முறைக்கு மாறின. நிரலில் பிழை நேர்ந்தபோது பக்கங்கள் வெறுமையாயின. டுவிட்டரும் '#!' முறையைக் கைக்கொண்டு, 2012-இல் அதைக் கைவிடத் தொடங்கியது. அதற்குள், பக்கத்தை மீண்டும் வருவிக்காமலே முழு முகவரியையும் மாற்றும் வசதி உலாவிகளிலேயே வந்துவிட்டது.

உள்ளடுக்குகளின் கதையும் கருதத்தக்கது. ஆங்குலர்ஜேஎஸ் உடன் வந்த ரூட்டர் ஒரு முகவரிக்கு ஒரே காட்சிக்குத்தான் இடம் தந்தது. எம்பர் கட்டமைப்போ முகவரிப் படிகளையும் காட்சிப் படிகளையும் ஒன்றாகப் பிணைத்தது. இது பாராட்டத்தக்க நுண்ணறிவு. 2017-இல் வந்த ரியாக்ட் ரூட்டரின் நான்காம் பதிப்பு மையமான அட்டவணையை நீக்கி, வழிகளைக் காட்சிகளுக்குள்ளேயே சிதறவிட்டது. எழுதுவதற்கு இனிமை, ஆனால் ஒரு முகவரிக்கு எவையெவை தேவை என்று முன்னரே அறிவது கடினமாயிற்று. நூல் வந்தபின் அத்தியாயம், அது வந்தபின் கணக்கு என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்க நேரும். ஒவ்வொன்றுக்கும் அரை நொடி எனின் மொத்தம் ஒன்றரை நொடி. மூன்றையும் ஒருங்கே கேட்டால் அரை நொடி போதும். 2022-இல் வந்த 6.4 பதிப்பு அட்டவணைக்குத் திரும்பி, இவ்வசதியையும் அளித்தது. ஐந்தாண்டுச் சுற்றுவழி என்றே இதைச் சொல்லத் தோன்றுகிறது.

எனினும் எம்பர் காட்டிய வழியையும் கண்ணை மூடிக்கொண்டு பின்பற்றலாகாது. 'கணக்கு/3/அச்சு' என்பது முகவரியில் ஓர் உட்படிதான். ஆனால் அச்சுப் பக்கத்தைச் சுற்றிப் பொருளடக்கம் எதற்கு? முகவரியின் அடுக்கு பொருளின் உறவைக் காட்டுவது. திரையின் அடுக்கு கண்ணின் வசதிக்கானது. பெரும்பாலும் இரண்டும் ஒத்துப்போகும்; ஒத்துப்போகாத இடத்தில் பிரித்தெழுத வேண்டும். திறந்திருக்கும் பட்டியல் போன்ற சில்லறைகளை முகவரியில் திணிப்பதும் வேண்டாத வேலை. தேடிய சொல்லும் பக்க எண்ணும் அதில் இருப்பது அவசியம்.

இவையெல்லாம் நிரலாளர் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது. நினைவகம் குறைந்த கைப்பேசியில், பின்னணியில் விட்ட பக்கத்தை உலாவி கழித்துவிட்டு மறுபடி வருவிக்கும். முகவரி சரியாக இருந்தால் மாணவர் விட்ட இடத்தில் தொடர்வார். இல்லையேல் முகப்பிலிருந்து மீண்டும் தேட வேண்டும். விலை குறைந்த கருவி வைத்திருப்பவருக்கே இத்தொல்லை மிகுதி.

நீங்கள் பயன்படுத்தும் தளத்தை நீங்களே சோதிக்கலாம். முகவரியைப் படியெடுத்து வேறொரு கருவியில் திறந்து பாருங்கள். பக்கத்தைப் புதுப்பியுங்கள், '404' என்று வந்தால், உள்முகவரிகளைச் சர்வருக்குக் கற்பிக்க மறந்திருக்கிறார்கள். பின்செல்லும் பொத்தானை அழுத்துங்கள். ஒரு படி பின்னால் போகிறதா, தளத்தைவிட்டே வெளியேறுகிறதா? மூன்றிலும் தேறாத தளம் எவ்வளவு அழகாக இருந்தாலும், என் மதிப்பீட்டில் அது தேறவில்லை.